மூன்றரை முதல் நாலரை வரை

போன வாரம் எங்கள் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பக்கத்திலிருக்கும் சின்ன விமான நிலையத்தின் இரைச்சல் தாங்க முடியவில்லை, புகார் கொடுக்கப் போகிறோம், ஆளுக்கு ஒரு வாரம் விமானங்கள் பறக்கும் நேரத்தைக் குறித்து அனுப்புங்கள் என்று பதினோராம் மாடிக்காரர் எழுதியிருந்தார். ஒருவர் கும்பிடு போட்டார். ஒருவர் கோபமுகம் போட்டார். ஒருவர் தன் குழந்தை திடுக்கிட்டு அழுவதைப் பதிவு செய்தே அனுப்பிவிட்டார். நான் அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இந்த வேலையில் அனுபவம் உண்டு. பத்து வயதில், அதே ஓடுபாதையின் இன்னொரு முனையில், ஒரு ஜூன் விடுமுறை முழுக்க நான் வானத்துக்குக் குமாஸ்தாவாக இருந்தேன்.

அந்த வீட்டை அப்பா நல்ல நேரத்தில் வாங்கியிருந்தார். வரிசைவீடு, இரண்டு பக்கமும் அடுத்த வீடுகளோடு சுவர் ஒட்டியது. முன்னால் கார் நிறுத்த இடம் இருந்தது, எங்களிடம் கார் இல்லை. பின்னால் ஒரு ரம்புத்தான் மரம். வீட்டைக் காட்டுகிறேன் என்று தரகர் கூப்பிட்டபோது, புதன்கிழமை காலை ஒன்பதரையிலிருந்து பத்தரை வரைதான் வருவேன் என்று அப்பா நாள்காட்டியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். சொன்னபடி போய், வலது காலை வைத்து நுழைந்து, எல்லாக் குழாய்களையும் திறந்து மூடி, சாமி அறைக்கு மூலை பார்த்து, பத்து இருபத்தைந்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அன்று தூறல். அந்த ஒரு மணி நேரமும் வானம் வாயைத் திறக்கவில்லை.

குடிபோனதும் நல்ல நேரத்தில்தான். பால் காய்ச்சி, ஆளுக்கு ஒரு வாய் குடித்து, பெட்டிகளைப் பிரிக்க உட்கார்ந்த பிறகு முதல் விமானம் வந்தது. வீட்டுக்கு மேலே என்று சொல்ல முடியாது, வீட்டுக்குள்ளேயே வந்த மாதிரிதான் இருந்தது. கண்ணாடிச் சன்னல் பட்டைகள் பல்லைக் கடித்தன. அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அப்பா கூரையைப் பார்த்தார். அது போய் மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்தது.

பெரிய விமானங்களெல்லாம் சிங்கப்பூரின் பெரிய நிலையமான சாங்கிக்குப் போய்விடும். எங்கள் தலைக்கு மேல் பறந்தவை பயிற்சி விமானங்கள், ஓட்டக் கற்றுக்கொள்பவர்களுடையவை. எழும்பும், ஒரு வட்டம் போடும், இறங்கும், சக்கரம் தரையைத் தொட்டதும் ஏதோ மறந்துவிட்டதைப் போல மறுபடி எழும்பும். சாதாரண நாளில் காலையில் நாலைந்து, மாலையில் ஏழெட்டு. மழை பெய்தால் ஒன்றும் இல்லை.

அப்பா துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். அவருக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் கடிதம். எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது: எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு நேரம் என்ற விவரம் தந்தால் பரிசீலிக்கப்படும். அப்பா அதைப் பரிசு விழுந்த மாதிரி கையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் நடந்தார்.

"பாத்தியா, விவரம் கேக்கறான். பேப்பர்ல இருந்தாத்தான் அவன் நம்புவான் லா. வாயால சொன்னா யாரு கேக்கறா?"

"அந்தச் சத்தத்துல நீங்க வாயால சொல்றது எனக்கே கேக்கல," என்றாள் அம்மா.

அப்படித்தான் அந்த நோட்டுப் புத்தகம் என் கைக்கு வந்தது. அப்பாவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். தேதி, நேரம், எத்தனை விநாடி, எந்தப் பக்கம், குறிப்பு. ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் பக்கத்தைப் பார்த்து அடியில் கையெழுத்துப் போடுவார். கையெழுத்தான பிறகு நோட்டு, நாள்காட்டி தொங்கும் அதே ஆணியில், ஒரு சணல் கயிற்றில் நாள்காட்டிக்குக் கீழே தொங்கும்.

என் ரகசியம் என்னவென்றால், அந்த விமானங்களை எனக்குப் பிடித்திருந்தது. வயிற்றில் சிவப்புப் பட்டை போட்ட ஒன்று, ஏறும்போது மட்டும் இருமும் ஒன்று, சாய்ந்து திரும்புகையில் வெயிலை வாங்கி ஒரு கணம் மீனாகிவிடும் ஒன்று. எல்லாவற்றையும் தூரத்திலேயே அடையாளம் தெரியும். யாருக்கு எதிராகச் சாட்சி எழுதுகிறேனோ அவர்களுக்கே கையசைத்துவிட்டு எழுதுவேன். குறிப்பு என்ற கட்டத்தில் ஒருநாள் 'இன்று அழகாக இருந்தது' என்று எழுதிவிட்டேன். அப்பா அதை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அத்தை எங்களோடு இருந்தாள். அப்பாவின் தங்கை. மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்க உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியைக் கணினிச் சில்லில் பொருத்துவாள். அந்த ஆண்டுதான் அவளை ஓர் உற்பத்தி வரிசைக்குத் தலைவி ஆக்கியிருந்தார்கள். முப்பது பெண்கள் அவள் கையசைப்புக்கு வேலை செய்தார்கள். நீலச் சீருடையைத் தானே இஸ்திரி போடுவாள், போடும்போது பாடுவாள். சம்பள நாளில் எனக்குக் கச்சாங் பூத்தே வாங்கி வருவாள். காகிதக் கூம்பில் வறுத்த கடலையும் பட்டாணியும், அடியில் எனக்கென்று நாலு முந்திரி.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. இதை அவள் சொன்னதில்லை, பெரியப்பாதான் வந்தபோதெல்லாம் சொல்வார்.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். உட்லண்ட்ஸில் இருந்தார். தாத்தா போன பிறகு தன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய் அப்பாவையும் அத்தையையும் படிக்க வைத்தவர். அவர் எங்கள் வீட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் மற்றவை எல்லாம் கொஞ்சம் பின்னால் நகர்ந்த மாதிரி இருக்கும். அவருக்கு முன்னால் அப்பா 'இல்லை' என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜூன் நடுவில் அவர் ஒரு வரன் கொண்டுவந்தார். மலேசியா பக்கம் சிரம்பான் குடும்பம், சொந்த வீடு, பையனுக்கு அரசாங்க வேலை. ஒரே ஒரு விஷயம், கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக்கூடாது. "இங்க கம்பி ஒட்டுறதுக்கு அங்க மகாராணி மாதிரி இருக்கலாம்," என்றார். அப்பா தலையை ஆட்டினார். அது ஆமாம் என்ற ஆட்டலா, சும்மா ஆட்டலா என்று பார்த்தவர்களுக்குத் தெரியாது.

மறுநாள் அடுப்படியில் அத்தை அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"அண்ணி, வேலைய விடச் சொன்னா நான் செத்துடுவேன்."

"அதை உங்கண்ணன்கிட்ட சொல்லு."

"சின்னண்ணன்கிட்ட சொல்லி? பெரியண்ணன் முன்னாடி அவரு வாயத் திறப்பாரா? நானே திறக்க மாட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் சோறு போட்டவரு."

அம்மா வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தாள். அத்தைக்குக் கண்ணில் நீர் வந்தது வெங்காயத்தால்தான் என்று நான் முடிவு செய்துகொண்டு வாசலுக்கு ஓடினேன், சிவப்புப் பட்டை வரும் நேரம்.

சற்று நேரத்தில் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்க, உன் நோட்டக் காட்டு," என்றாள். யாரும் அதுவரை கேட்டதில்லை. பெருமையோடு நீட்டினேன். சில்லைப் பார்க்கிற அதே கண்ணால் ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமதான் ஜாஸ்தியாடி?"

"ஆமா அத்தை. அன்னிக்கு எல்லாரும் லீவு, ஓட்டிப் பழக வருவாங்க. மூணுலேருந்து அஞ்சு வரைக்கும் பேசவே முடியாது."

"எல்லா ஞாயித்துக்கிழமையுமா?"

"மழை வந்தா வராது."

"கெட்டிக்காரி," என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்த வாரம் சம்பள நாள் இல்லை. ஆனாலும் கச்சாங் பூத்தே வந்தது.

பெண் பார்க்க எந்த நேரம் வரலாம் என்று பெரியப்பா தொலைபேசியில் அப்பாவிடம் கேட்டபோது அத்தைதான் நாள்காட்டியைப் பார்த்துச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரம் ஏழரையிலிருந்து எட்டரை. சிரம்பானிலிருந்து அதற்குள் வந்து சேர முடியாது. அடுத்தது மூன்றரையிலிருந்து நாலரை. அதன் பிறகு ஆறு மணி வரை ராகுகாலம், ஒன்றும் பேசி முடிக்க முடியாது. ஆறுக்குப் பிறகு அவர்கள் எல்லைப் பாலமான காஸ்வேயின் நெரிசலில் போய் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே மூன்றரை.

அப்பா தொலைபேசியைப் பொத்திக்கொண்டு எழுந்து, ஆணிக்கு முன்னால் போய் நின்றார். நாள்காட்டியைப் பார்த்தார். பிறகும் நின்றுகொண்டே இருந்தார். கயிற்றில் தொங்கிய என் நோட்டைக் கையில் எடுத்து, ஓரிரு பக்கம் புரட்டி, மறுபடி நேராகத் தொங்கவிட்டார். "சரிண்ணே, மூன்றரை," என்றார்.

சனிக்கிழமை அத்தையும் நானும் தேக்கா சந்தைக்குப் பூ வாங்கப் போனோம். பூக்காரர் அத்தையை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, விசேஷமா?"

"வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்க."

"பொண்ணு பாக்கவா? அப்ப நாலு முழம் எடு."

"ரெண்டு போதும்ணே. சீக்கிரம் போயிடுவாங்க."

பூக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அத்தையும் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் ஜொகூர் பக்கமிருந்து மேகம் ஏறியது. மைக்கறுப்பு. அத்தை பாதி கட்டிய பட்டுச் சேலையோடு மூன்று முறை வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். அவளைத் தேற்ற நினைத்தேன்.

"கவலைப்படாத அத்தை. மழை வந்தா ஒரு பிளேனும் வராது. நிம்மதியாப் பேசலாம்."

"வாய மூடுடி, சனியனே!"

அதுவரை அவள் என்னை ஒரு சொல் திட்டியதில்லை. சேலை நனைந்துவிடும் என்ற பயம் போலிருக்கிறது என்று ஒதுங்கிக்கொண்டேன். நாலு துளி விழுந்தது. மண் வாசனை எழுந்து அடங்கியது. மேகத்துக்கு வேறு எங்கோ அவசர வேலை வந்து, கடல் பக்கம் போய்விட்டது. அத்தை சாமி அறைக்குள் போய் விழுந்து கும்பிட்டாள்.

மூன்று முப்பத்தைந்துக்கு கார் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா மூக்கின் இரண்டு பக்கமும் வைரம் போட்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா கழுத்தில் கைக்குட்டை வைத்திருந்தார். மாப்பிள்ளை நல்லவராகத்தான் தெரிந்தார். எல்லாரும் அத்தையைப் பார்த்தபோது அவர் ரம்புத்தான் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் தட்டு: வெற்றிலை, பழம், தேங்காய். பேசி முடித்துத் தட்டு மாற்றிக்கொண்டால் முடிந்தது, நாலரைக்குள். நான் சன்னலோரம் நோட்டைப் பாவாடைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடமை தவறக்கூடாது அல்லவா.

"பொண்ணு வேலைக்குப் போறதா கேள்விப்பட்டோம்," என்று மாப்பிள்ளையின் அம்மா ஆரம்பித்தார். சிவப்புப் பட்டை வந்தது. தேநீர்க் கோப்பைகள் தட்டுகளில் நடனமாடின. அவர் காத்திருந்தார். "வேலைக்குப் போறதா..." இருமல்காரன் வந்தான். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"பாட்டுப் பாடுவா, கேளுங்க," என்றார் பெரியப்பா அவசரமாக. "பாடும்மா."

அத்தை கண்ணை மூடி ஆரம்பித்தாள். அழகான குரல். முதல் வரி முடியும்போது தலையை மெல்ல நிமிர்த்தி நிறுத்தினாள். அவள் நிறுத்திய பிறகுதான் சத்தம் எங்கள் காதுக்கு வந்தது. விமானம் போன பிறகு மறுபடி முதலிலிருந்து. மறுபடி நிறுத்தம். நாலு முறை அதே முதல் வரி.

"அந்த முதல் வரி ரொம்ப நல்லாருக்கு," என்றார் மாப்பிள்ளையின் அப்பா, மரியாதைக்கு.

"பின்னாடி ரூமுக்குப் போயிடலாமா?" என்று பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"அங்க இன்னும் ஜாஸ்திண்ணே," என்றார் அப்பா.

தவறு. பின் அறையில் பாதிதான் கேட்கும். 'எந்தப் பக்கம்' என்ற கட்டத்தை நிரப்பியவள் நான். திருத்த வாயைத் திறந்தேன். அம்மா ஒரு பெரிய கரண்டி கேசரியை அதற்குள் வைத்தாள்.

"எப்பவுமே இப்படித்தானா?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டதுதான் தாமதம், அப்பா எழுந்து போய்க் கடிதங்கள் அடுக்கிய கோப்பைக் கொண்டுவந்தார். முதல் கடிதத்தை வாசித்தார். விமானத்துக்கு நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து வாசித்தார். இரண்டாவது கடிதத்தை வாசித்தார். மூன்றாவதையும், அதற்கு வந்த பதிலையும் வாசித்து, அந்தப் பதிலில் தனக்குத் திருப்தியில்லாத இடங்களை விளக்கினார். பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"தட்டு மாத்தறதுன்னா இப்பவே..." என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தபோது இரண்டு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவை போனதும் பெரியப்பா கையைக் கீழே போட்டார். "ராகுகாலம் வந்துருச்சு," என்றார். எல்லார் முதுகும் நாற்காலியில் சாய்ந்தது.

வாசலில் அந்த அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. வாயத் திறந்தாலே தடங்கல். எங்களுக்குச் சகுனம் முக்கியம்." கார் போனது.

பெரியப்பா அப்பாவை நோக்கித் திரும்பினார். "ஏன்டா, இந்த வீட்ட எந்த நேரத்துலடா பாத்து வாங்குன?"

"நல்ல நேரத்துலதாண்ணே."

"உன் லெட்டர்ல இதையும் எழுது. தங்கச்சி கல்யாணம் நின்னுபோச்சுன்னு எழுது. அப்பவாவது அவனுக்கு உறைக்கட்டும்!"

எல்லாரும் உள்ளே போனார்கள். நான் நோட்டில் அன்றைய எண்ணிக்கையை எழுதினேன். முப்பத்தொன்று. அதற்கு முன் ஒருநாளும் அத்தனை வந்ததில்லை. எழுதி முடித்ததும்தான் அது தோன்றியது. இந்த நேரத்தில் பேசவே முடியாது என்று இந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும். அத்தையிடம் சொன்னேன், பாவம், அவள் மறந்திருப்பாள். நோட்டை வைத்திருந்தவள் நான். வேறு நேரம் பாருங்கள் என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தை சிரம்பானில் மகாராணியாகியிருப்பாள்.

மூன்று நாள் அத்தையின் கண்ணில் படாமல் திரிந்தேன். புதன்கிழமை மாலை பெரியப்பா தொலைபேசியில் கூப்பிட்டார்: அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அறைக்குப் போய் அத்தையிடம் சொன்னாள். பிறகு இஸ்திரிப் பெட்டியின் ஆவியும் அதோடு பாட்டும் வந்தன. முதல் வரி, இரண்டாம் வரி, முழுப் பாட்டும். துக்கம் தாளாமல் பாடுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அழுகை முட்டியது.

அன்று அப்பா சாப்பாட்டுக்குப் பின் கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது உடைந்துவிட்டேன். தேம்பித் தேம்பி எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை நோட்டைக் கேட்டது, நான் ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னது, உங்களிடம் சொல்லாமல் விட்டது. என்னால்தான் அத்தை கல்யாணம் நின்றது.

அப்பா பேனாவைத் திறந்தபடி என்னையே பார்த்தார். பிறகு அத்தையின் அறைக் கதவைப் பார்த்தார். உள்ளே பாட்டு இரண்டாவது முறை ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் முதலில் ஒரு வியப்பு, அப்புறம் மெதுவாக ஒரு சிரிப்பு.

"அவளும் நோட்டப் பாத்தாளா?"

"ம்."

"சரி, அழாத. ஞாயித்துக்கிழம எத்தன மணிக்கு எத்தன பிளேன்னு எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டது யாரு?"

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை எடுத்தார். "முப்பத்தொண்ணா? சரியா எண்ணுனியா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்ல புள்ள." ஆனால் அதில் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாரம் அவர் அனுப்பிய விவரத்தில் எல்லா நாளும் இருந்தன. பெரியப்பா எழுதச் சொன்ன அந்த ஒரு நாள் மட்டும் இல்லை. அதற்குப் பிறகு அவர் எழுதிய கடிதங்களில் பழைய வேகமும் இல்லை.

அத்தை அந்தத் தொழிற்சாலையிலேயே மூன்று வரிசைகளுக்குத் தலைவியாகி, முப்பத்திரண்டு வயதில் தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டுக்கு முதலில் தட்டெடுத்துப் போனவர் பெரியப்பாதான். இப்போது தெம்பனிஸில் இருக்கிறாள். சின்னண்ணனை ஏமாற்றிவிட்டோம் என்ற ஒரு சின்ன வெட்கம் அவளுக்கு இத்தனை ஆண்டுகளாக இருந்திருக்கிறது. அப்பா காலமான பிறகும் இருந்தது. வாட்ஸ்அப் செய்தி வந்த அன்றுதான் நான் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்தப் புதன்கிழமை அப்பா சொன்னதைச் சொன்னேன்.

"பின் ரூம்ல ஜாஸ்தின்னு சொன்னாரே," என்றாள். "நான் அன்னிக்கே யோசிச்சிருக்கணும் லா." பிறகு சிரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

அண்ணனும் தங்கையும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் இரண்டு பேருடைய பாதி ரகசியமும் முதலில் வந்து சேர்ந்தது என் கையில்தான். ஆனால் அந்தப் புதன்கிழமை, கன்னத்தில் கண்ணீர் காய, அப்பாவின் பேனா நோட்டின் மீது நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான். அடி விழாது. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அப்பா எதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று கேட்கக்கூடத் தோன்றாமல், ஞாயிற்றுக்கிழமை கேசரியில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க அடுப்படிக்கு ஓடினேன்.